மே பதினெட்டுக்கு ஒரு சாட்டு

அக்காவுக்கு வெறும் நாள் என்று ஒன்று கிடையாது. காலையில் சங்கக் கட்டடத்தைத் திறந்து யன்னல்களைத் தள்ளிவிட்ட கையோடு, "பிள்ளை, இண்டைக்கு என்ன தினம் தெரியுமே?" என்று என்னிடம் கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். செவ்வாய்க்கிழமை என்பேன். "கிழமையை ஆர் கேட்டது? தினத்தைக் கேட்டனான்," என்பார். அன்றைக்கு உலகத் தண்ணீர் தினமாக இருக்கும், அல்லது சிட்டுக்குருவி தினமாக இருக்கும். குருவிக்கெல்லாம் தினம் வைத்தவர்கள் தையல்காரிக்கு ஒன்று வைக்கவில்லையே என்று நான் முணுமுணுப்பேன். "அதுவும் எங்கயாவது கிடக்கும், தேடிப் பாப்பம்," என்று அவர் உண்மையாகவே சொல்லுவார்.

அவர் எங்கள் மாதர் சங்கத்தின் செயலாளர். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மூதூருக்கு லோஞ்சு புறப்படுகிற இறங்குதுறைக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு. சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டித்தந்த தகரக் கூரைக் கட்டடம் ஒன்று சங்கத்துக்கு இருந்தது. அங்கேதான் நான் தையல் வகுப்பு நடத்தினேன். இறங்குதுறையில் நிற்கிற ஆண்கள் அக்காவைக் கண்டால், "கலண்டர் போகுது" என்று தங்களுக்குள் சிரிப்பார்கள். அவருக்கு அது காதில் விழும். "ஓம், பாத்துக் கிழியுங்கோ," என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போவார்.

அந்தப் பைத்தியம் அவருக்கு எப்படி வந்தது என்று இப்போது யோசித்தால், அது பைத்தியமே இல்லை. யுத்தம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பெண்கள் நாலைந்து பேர் ஒரு விறாந்தையில் சேர்ந்து இருந்தாலே, ஒழுங்கைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். என்ன கூட்டம், ஆர் கூப்பிட்டது, என்ன கதைக்கிறீர்கள் என்று கேள்வி வரும். ஒன்றுசேர வேண்டுமென்றால் அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஒரு காரணம் வேண்டும். உலகம் முழுக்கக் கொண்டாடுகிற தினத்தைவிடப் பத்திரமான காரணம் வேறு என்ன இருக்கிறது? பெரிய பானர் ஒன்று எழுதி வாசலில் கட்டிவிட்டால் வந்தவன் அதை வாசித்துவிட்டுப் போய்விடுவான்.

எங்கள் பக்கத்தில் இதற்குச் சாட்டு என்று சொல்வோம். ஒன்றைச் செய்வதற்கு இன்னொன்றைக் காரணமாகக் காட்டுவது. அக்கா சாட்டுச் சொல்வதில் கெட்டிக்காரி என்று ஊரே சொன்னது. ஆனால் ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவருக்குப் பொய் வராது. சாட்டை அவர் சாட்டாக விட்டதே இல்லை, முழு மனதோடு அதைச் செய்துதான் முடிப்பார். பொதுக் குழாயில் தண்ணீர் பிடிப்பதில் சண்டை தொடங்கி, ஒரு வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு பெண்களைக் கைகழுவும் தினத்துக்குக் கூப்பிட்டார். முழங்கைவரைக்கும் சவர்க்காரம் போட்டு எப்படிக் கழுவுவது என்று அரைமணி நேரம் செய்துகாட்டினார். அதற்குப் பிறகுதான், ஒருத்தி கைக்கு மற்றவள் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று சொன்னார். அவர்கள் முறைத்துக்கொண்டே ஊற்றினார்கள். பிறகு சிரித்துவிட்டார்கள். "சாட்டெண்டாலும் ஒழுங்காச் செய்யோணும் பிள்ளை. இல்லாட்டி அது கள்ளம்," என்றார் என்னிடம்.

மீன்பிடித் தினக் கூட்டம் முடிந்த மறுநாள் கிராம சேவகர் கூப்பிட்டு, வேறு ஏதாவது கதைத்தீர்களா என்று விசாரித்தார். நானாக இருந்தால் இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். அக்கா, "கதைச்சம் ஐயா. கடலுக்குப் போகேக்குள்ள நேவி மறிக்கிறதைப் பற்றியும் கதைச்சம்," என்றார். அந்த மனிதர் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்துகொண்டு, "எனக்குக் கேக்கேல்லை," என்றார். நல்ல மனிதர், பாவம்.

டிசம்பர் பத்தை மட்டும் அக்கா தொடமாட்டார். மனித உரிமைகள் தினம். ஏன் என்று கேட்டால், "அது சாட்டில்லை, நேரடிக் கதை. அதைச் சொல்லுற ஆக்கள் சொல்லட்டும், எனக்கு இந்தக் கட்டடம் திறந்திருக்கோணும்," என்பார். அவர் தொடாத இன்னொரு திகதி மே பதினெட்டு.

யுத்தம் முடிந்த நாள் அது. ஒரு பகுதி நாட்டுக்கு வெற்றி நாள். எங்கள் குடியிருப்பில் அன்றைக்குக் கதவுகள் பூட்டியிருக்கும். விளக்கு வைக்கப் பயம், பூ வாங்கப் பயம். உரத்து அழுதால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஆபத்து வரும் என்று எல்லோரும் நம்பினோம். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக்குள் தனியே இருந்து அந்தப் பகலைக் கழித்தோம்.

றீற்றா மாமியால் அதுதான் ஏலாமல் போனது. மாமி கருவாடு காயப்போட்டு விற்கிறவர். ஒரே மகன் ஜூட் வன்னியில் மேசன் வேலைக்குப் போய் அங்கேயே மாட்டுப்பட்டவன். கடைசி மாதத்தில் ஒரு தடவை தொலைபேசியில் பேசினான், பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்தான் என்று சொல்ல ஆள் இல்லை, கண்டோம் என்று சொல்லவும் ஆள் இல்லை. முந்தின மே பதினெட்டில், பூட்டிய வீட்டுக்குள் இருந்து எழும்பிய மாமி பஸ் ஏறி உப்புவெளிக்குப் போய், உடுத்த சேலையோடு கடலுக்குள் நடந்திருக்கிறார். வலை இழுத்துக்கொண்டு நின்றவர்கள் கண்டு கரைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஏப்ரலில் மாமி அக்காவிடம் வந்தார். "பிள்ளை, எல்லாத்துக்கும் ஒரு தினம் வைக்கிறாய். அண்டைக்கு மட்டும் ஒண்டுமில்லையே? என்னால அண்டைக்குத் தனிய இருக்க ஏலாது," என்றார். மறுநாள் அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நெற் கஃபே. நான் கணினியைத் தட்ட, அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மே பதினெட்டில் நெப்போலியனைச் சக்கரவர்த்தியாக அறிவித்தார்களாம்," என்றேன்.

"நெப்போலியனை வச்சு என்ன செய்யிறது? வேற பார்."

"அமெரிக்காவில் ஒரு எரிமலை வெடித்ததாம்."

"வெடிப்பெண்டு ஒரு சொல்லை அனுமதிக்கு எழுதுவியா நீ? கீழ போ, கீழ போ."

கீழே போனபோது சர்வதேச அருங்காட்சியக தினம் என்று இருந்தது. அக்கா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். "பழைய சாமான் வைக்கிற இடம்தானே மியூசியம்?" என்றார். ஓம் என்றேன்.

அனுமதி கேட்ட கடிதத்தில் திகதியைக் கண்டதும் கிராம சேவகருக்கு முகம் வெளிறிவிட்டது. "தங்கச்சி, இதை அடுத்த கிழமைக்கு வைக்க ஏலாதே? நான் பென்சனுக்குக் கிட்ட நிக்கிறன்," என்றார். "நான் தெரிஞ்செடுத்த திகதி இல்லை ஐயா. உலகம் முழுக்க அண்டைக்குத்தான்," என்றார் அக்கா. அவர் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலே இருந்தவர்கள் மறுக்கவில்லை. அதுதான் எங்களைப் பயப்படுத்தியது. தாங்களும் வந்து பார்ப்பதாக மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

விடச் சொல்லி அக்காவிடம் கெஞ்சினேன், பிறகு சண்டை போட்டேன். கட்டடத்தைப் பூட்டினால் பதினாறு பிள்ளைகளின் தையல் வகுப்பும் போய்விடும், உங்களையும் கொண்டுபோவார்கள் என்று கத்தினேன். "அப்ப மாமியை அண்டைக்கு ஆர் பாக்கிறது, நீயா?" என்று கேட்டார்.

மே பதினேழில் அக்கா பெண்களைக் கூப்பிட்டு ஒழுங்கு சொன்னார். ஆளுக்கு ஒரு பழைய சாமான் கொண்டுவரலாம். விளக்கு கூடாது, பூ கூடாது, படம் கூடாது. ஒருவருடைய பேரையும் சொல்லக்கூடாது. "அழவும் கூடாது. மியூசியத்தில ஆரும் அழுறேல்லை." யாரோ ஒருத்தி எரிச்சலோடு, "அப்ப என்னத்துக்கு வாறது?" என்றாள். அக்கா, "பக்கத்தில பக்கத்தில இருக்கலாம்," என்றார்.

என் எழுத்து வடிவானது என்று அட்டை எழுதும் வேலையை என்னிடம் தந்தார். அங்கேயும் பொய்க்கு இடமில்லை. சாமானின் பெயர், எதற்குப் பாவித்தது, பாவித்தவர் இருக்கிறாரா இல்லையா. அவ்வளவுதான் எழுதவேண்டும். தங்கூசிச் சுருள், மீன்பிடிக்க, பாவித்தவர் இல்லை. மூக்குக் கண்ணாடி, வாசிக்க, பாவித்தவர் இல்லை. மூதூரில் இருந்து ஓடிவந்து எங்களோடு தங்கிவிட்ட ஹாஜரா ஒரு சாவி கொண்டுவந்தாள். வீட்டுச் சாவி, பாவித்தவர் இருக்கிறார், வீடு இல்லை என்று எழுதினேன். அக்கா தன் புருசனுடைய கறுப்புக் குடையைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தார். மாமி மட்டும் மேசையில் ஒன்றும் வைக்கவில்லை. மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு சுவரோரக் கதிரையில் இருந்தார்.

பத்து மணிபோல, சொன்னபடியே அவர்கள் வந்தார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளோடு வாசலில் நிற்க, மற்றவர் உள்ளே வந்தார். சிவில் உடுப்பு, அயர்ன் பண்ணின சேட், பணிவான ஆள். செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டு வந்தார். அந்தப் பணிவுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாய்மொழியாக இல்லாமல் படித்துப் பழகிய தமிழில் அட்டைகளை ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார். கைத்தொலைபேசியால் படம் எடுத்தார். நாங்கள் சுவரோரம் நெருக்கியடித்து இருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் மூச்சு என் கையில் பட்டது.

சாவியை எடுத்து, "வீடு எங்கே?" என்றார்.

"இல்லை ஐயா. அதுதான் எழுதிக் கிடக்கு," என்றாள் ஹாஜரா.

குடைக்கு வந்தார். "இது யாருடைய?"

"என்ர புருசன்ர," என்றார் அக்கா.

"அவர் எங்கே?"

"கடல்ல செத்துப்போனார். பிரேதம் கிடைச்சது, அடக்கம் செய்தம்."

"எந்த நாள் செத்தது?"

"இண்டைக்கு இல்லை ஐயா. மார்கழியில."

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அக்காவும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடையை இருந்த மாதிரியே வைத்துவிட்டு அவர் அடுத்த மேசைக்குத் திரும்பினார். முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த மேசையின் நடுவில், மூக்குக் கண்ணாடிக்கும் சுருளுக்கும் இடையில், நான் அட்டை எழுதாத ஒரு பொருள் இருந்தது. கடையில் வாங்கின பக்கற்றோடு, திறக்காத ஒரு புது பல் பிரஷ். பச்சை நிறம்.

மாமியைத் திரும்பிப் பார்த்தேன். மடியில் இருந்த பை தட்டையாகக் கிடந்தது. மாமி எப்போது எழும்பினார், எப்போது வைத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது.

வந்தவர் பிரஷைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். "இது பழசு இல்லை," என்றார். "இது மியூசியம் சாமான் இல்லை. ஏன் வச்சது?"

தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது. எனக்கு ஒரு பொய் தயாராக இருந்தது. அது என்னுடையது, கடைக்குப் போய்வந்த இடத்தில் மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு நேரே அவரிடம் போய்க் கையை நீட்டினார். அவரும் என்ன நினைத்தாரோ, பிரஷைக் கொடுத்துவிட்டார்.

"ஐயா சொல்லுறது சரி. இது பழசில்லை. பிழையா வச்சிட்டம்," என்றார் அக்கா. "இது பாவனையில இருக்கிற சாமான்."

அதைக் கொண்டுபோய் மாமியின் கையில் கொடுத்தார். மாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"யார் பாவிக்கிறது?" என்று வந்தவர் மாமியைக் கேட்டார்.

"என்ர மகன்."

"பேர் என்ன?"

ஒருவருடைய பேரையும் சொல்லக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. கேட்டது அவர். மாமி எழும்பி நின்று, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது சொல்வது போல் தெளிவாக, "ஜூட்," என்றார். அந்தப் பெயரை அத்தனை பேர் மத்தியில் அவ்வளவு உரத்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "ஒவ்வொரு மார்கழியிலயும் நத்தார்ப் பூசைக்கு முதல் பழசை எறிஞ்சிட்டுப் புதுசு வாங்கி வைக்கிறனான். வந்தவுடன பல்லு மினுக்கோணும் அவருக்கு."

"இப்ப எங்கே இருக்கிறார்?"

"அதை நானெல்லோ ஐயா உங்களிட்டக் கேக்கோணும்?"

வாசலில் நின்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே நின்றவர் கைத்தொலைபேசியை உயர்த்தினார், பிறகு படம் எடுக்காமலே பையில் போட்டார். "ஐயா, தேத்தண்ணி ஆறுது," என்றார் அக்கா, ஒன்றும் நடக்காத மாதிரி. அவர் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "நல்ல மியூசியம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதை என்ன மனதோடு சொன்னார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மோட்டார் சைக்கிள் சத்தம் போன பிறகும் நாங்கள் அழவில்லை. பின்னேரம்வரைக்கும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஹாஜரா ஆறின தேத்தண்ணியைத் திரும்பக் கொதிக்கவைத்து எல்லோருக்கும் ஊற்றினாள். மாமி பிரஷை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நித்திரைகூடக் கொண்டார்.

அக்காவை அதற்குப் பிறகு பலமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒவ்வொரு முறையும் கஞ்சி போட்ட சேலையோடு போய், கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருடம் அருங்காட்சியக தினத்துக்கு அனுமதி இல்லை. அதற்கடுத்த வருடம் திருத்த வேலை என்று சொல்லிக் கட்டடத்தையே பூட்டினார்கள். வேலை நடக்கவே இல்லை. தையல் மெசின்களை என் வீட்டு விறாந்தைக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். நான் ஆத்திரத்தில், "தேவையாக்கா இது? எல்லாம் போச்சு," என்று கத்தினேன். மெசின் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "மாமி கடலுக்குப் போகேல்லைத்தானே," என்றார்.

காலம் கொஞ்சம் இளகியது. அந்த நாளில் சில இடங்களில் சனம் வெளிப்படையாக விளக்கு வைக்கத் தொடங்கியது. அதற்குள் அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து, உப்புவெளியில் தங்கை வீட்டில் படுக்கையில் விழுந்துவிட்டார். ஒரு கை அசையாது, வாய் கொஞ்சம் கோணியிருந்தது. கதை மட்டும் தெளிவு. நான் போனால் அப்போதும், "இண்டைக்கு என்ன தினம்?" என்று கேட்பார். பதில் தெரியவேண்டுமே என்று பஸ்ஸில் வரும்போதே கைத்தொலைபேசியில் பார்த்து வைத்துக்கொள்வேன். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது.

அவர் இருந்த கடைசி மே பதினெட்டில் றீற்றா மாமியும் என்னோடு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு பையைத் திறந்து அந்தப் பச்சை பிரஷை எடுத்தார். பக்கற்றில் இருந்த எழுத்தெல்லாம் மங்கிப்போயிருந்தது.

"அதுக்குப் பிறகு நான் இதை மாத்தேல்லை பிள்ளை," என்றார். "ஒவ்வொரு நத்தாருக்கும் கடைவாசல்வரைக்கும் போறனான். பிறகு திரும்பி வந்திடுவன். இப்ப இது பழசுதானே? மியூசியத்தில வைக்கலாம்தானே?"

அக்கா அசைகிற கையை நீட்டி அதை வாங்கினார். இன்றைக்கு என்ன தினம் என்று சொல்லப்போகிறார், மியூசியத்தைப் பற்றி ஏதாவது சொல்லி மாமியைத் தேற்றப்போகிறார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மாமியின் முகத்தையே பார்த்தார்.

"இண்டைக்கு ஒரு சாட்டும் வேண்டாம் மாமி. அழுங்கோ," என்றார்.

மாமி அழவில்லை. வரும்போது பஸ்ஸிலேயே அழுது முடித்துவிட்டதாகச் சொன்னார். அழுதது அக்காதான். அத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு தடவை. மாமி தன் சேலைத் தலைப்பால் அவருடைய கோணிய வாயையும் கண்ணையும் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தார். பிரஷை அக்கா கையில் இருந்து விடவில்லை.